மலிவு விலை ரீவியை நம்பி வாங்கலாமா?

நல்லூரில் கொடியேறி நாலாம் நாள் காலை மச்சாள் தொலைபேசி எடுத்தார். "அத்தான், ரவுணுக்க ஒரு கடையில நாப்பத்துமூண்டு இஞ்ச் ரீவிக்கு முப்பது வீதம் கழிவாம். வெள்ளிக்கிழமையோட முடியுதாம். எடுக்கலாமோ?"

மச்சாள் என் மனைவியின் தங்கை. மயிலிட்டியில் இருக்கிறார். 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பம். வாடகை வீடு, சொந்தக்காரர் வீடு, நலன்புரி நிலையம் என்று 27 வருடங்கள் இழுபட்டு, 2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்ட பிறகுதான் சொந்தக் காணியில் கால் வைத்தார்கள். கணவர் இல்லை. மகன் கட்டாரில். வீட்டில் மச்சாளும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும், வாதம் வந்து பாதி நாளைக் கட்டிலில் கழிக்கும் என் மாமியும். பழைய ரீவி போன மாரியில் இடி முழங்கிய ஒரு இரவோடு செத்துப்போனது. கையில் சீட்டு எடுத்த காசு 75,000 ரூபா இருக்கிறது.

ஓம் அல்லது வேண்டாம் என்ற ஒரு சொல்லைத்தான் அவர் கேட்டார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கோ, நான் போய்ப் பாக்கிறன்" என்றேன். அந்த இரண்டு நாள் ஐந்து நாளாகிவிட்டது. பார்த்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. திருவிழாக் காலம், தீபாவளி, தைப்பொங்கலோடு முற்றவெளியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சி, பிறகு சித்திரை வருடப்பிறப்பு என்று வருடத்தில் நாலு தடவை இந்தக் குடாநாட்டில் மலிவு விற்பனை வந்து போகிறது. ஒவ்வொரு தடவையும் ஓட்டோவின் பின் இருக்கையில் பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறார்.

கடையில் ரீவி நன்றாகத்தான் தெரிந்தது. எல்லா ரீவியும் கடையில் நன்றாகத்தான் தெரியும். நிறங்கள் துள்ளும் கிளிகளும் அருவிகளுமாக அதற்கென்றே எடுத்த படம் ஓடுகிறது. வெளிச்சம் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. விலைத்தாளில் 149,900 குறுக்கே வெட்டப்பட்டு, கீழே சிவப்பில் 104,900. நான் முதலில் கேட்டது வெட்டிய விலையைப் பற்றி. "இந்த 149,900 க்கு எப்ப வித்தனீங்கள்?" விற்பனைப் பொடியன் சிரித்தான். "அது அண்ணை, கம்பனி விலை."

கம்பனி விலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 2021 புரட்டாதியில் மத்திய வங்கி அத்தியாவசியமற்றவை என்று 623 வகைப் பொருட்களை வரிசைப்படுத்தி, அவற்றை இறக்குமதி செய்ய முழுப் பெறுமதியையும் முன்கூட்டியே வங்கியில் வைக்கவேண்டும் என்றது. வீட்டு மின்சாதனங்களும் அதற்குள் வந்தன. அடுத்த வருடம் பங்குனியில் 200 ரூபாவாக இருந்த டொலர், வைகாசியில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதித் தடைகளும் சேர்ந்துகொண்டன. ரீவி விலைகள் ஏறியது அப்போதுதான். பிறகு 2023 இல் தடைகள் படிப்படியாக நீங்கின. டொலரும் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. வற் வரி 2024 தையில் 18 வீதமாக ஏறியதையும் கணக்கில் எடுத்தாலும், நெருக்கடி உச்சத்தில் போட்ட விலைக்கு இன்று எந்தக் கடையிலும் ரீவி விற்காது. வெட்டிக் காட்டுவதற்கு மட்டும் அந்த விலை உதவுகிறது. ஆகவே கழிவு எத்தனை வீதம் என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. இதே அளவு, இதே தரத்தில் ஒன்று இன்று மற்றக் கடைகளில் என்ன விலை என்று பாருங்கள். நான் கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன். கழிவு என்று எந்தப் பலகையும் இல்லாத ஒரு கடையில் அதே அளவு ரீவி 109,000. 45,000 ரூபா இலாபம் என்று மச்சாள் நினைத்தது உண்மையில் 4,100 ரூபா.

4,100 ரூபாவும் காசுதான். ஆனால் அந்தக் காசுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிய வேண்டும்.

ஒரு ரீவி மலிவாக விற்கப்படுவதற்குக் காரணங்கள் பல, எல்லாம் கெட்ட காரணங்கள் அல்ல. புது மொடல் வரப்போகிறது, பழையதைத் தள்ளிவிட வேண்டும் என்பது நல்ல காரணம்; வாங்குபவருக்கு அதில் நட்டமில்லை. அட்டைப்பெட்டி கிழிந்தது, நனைந்தது என்றால் கவனம் தேவை. கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் அது ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம், முழு வெளிச்சத்தில் எரிகிறது. வீட்டில் நாங்கள் நாலு மணித்தியாலம் பார்ப்போம். கடையில் ஒரு வருடம் நின்ற பெட்டி, எங்கள் வீட்டில் மூன்று வருடம் ஓடிய பெட்டிக்குச் சமம். அதற்கு மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்தாலும் போதாது என்பது என் எண்ணம். கடைசியாக ஒரு வகை உண்டு. அமெரிக்காவில் கார்த்திகை மாதப் பெருவிற்பனைக்கென்றே சில கம்பனிகள் தனி மொடல் செய்கின்றன என்பது அங்கே பல வருடமாகப் பேசப்படுகிற விடயம். வெளித்தோற்றமும் கம்பனிப் பெயரும் ஒன்று. மொடல் இலக்கத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும். உள்ளே பொருத்து துளைகளும் நினைவகமும் குறைந்திருக்கும். வட்ஸ்அப்பில் வரும் விளம்பரப் படத்தை விட, ரீவியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள முழு மொடல் இலக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துத் தேடிப் பார்ப்பது இதற்காகத்தான்.

எங்கள் பெரிசுகளுக்கு இதெல்லாம் தேவையில்லை, பெயர் போதும். "நெஷனல் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்ற காலம் அவர்களுடையது. எங்கள் கொக்குவில் வீட்டிலும் 1986 இல் சவூதியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த 14 அங்குலப் பெட்டி ஒன்று இருந்தது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு வருடக்கணக்கில் அது சும்மா இருந்தது. எப்போதாவது ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து, முற்றத்தில் படம் ஓடுவார்கள். அந்த இரவில் மட்டும் அதற்கு உயிர் வரும். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, அப்பா அதைச் சாரத்தால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தார். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கட்டிலும் இல்லை. பழுதாகித் தூக்கி எறிந்த ரீவி ஒன்று எங்கள் தலைமுறையில் எத்தனை வீட்டில் இருந்தது? களவு போனது, விட்டுவிட்டு ஓடியது, வன்னியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஏற்றி இறக்கிக் கடைசியில் எங்கோ ஒரு தெருவில் நின்றது என்று அவை தொலைந்தன. பழுதாகும் வரை ஒரு பொருளை வைத்திருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்ததே கொஞ்சக் காலமாகத்தான். அதனால் கம்பனிப் பெயர்கள் எங்கள் ஞாபகத்தில் 1980களிலேயே நின்றுவிட்டன.

அந்தப் பெயர்கள் இன்று அதே கைகளில் இல்லை. ஷார்ப் கம்பனியைத் தாய்வானின் பொக்ஸ்கொன் 2016 இல் வாங்கியது. தொஷிபாவின் ரீவிப் பிரிவை 2018 இல் சீனாவின் ஹைசென்ஸ் எடுத்துக்கொண்டது. நெஷனல் என்ற பெயரையே அதன் கம்பனி விட்டுவிட்டு பனசொனிக் என்ற ஒரே பெயரோடு நிற்கிறது. பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்து விற்பவர்களும் உண்டு. சீனப் பெட்டி என்பதால் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சீனப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. யப்பான் பெயரைப் பார்த்து யப்பான் பெட்டி என்று நினைக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்த ஒரு திருத்துநரிடம் போனேன். நகரத்தில் ஒரு சந்துக்குள், எட்டடி அகலத்தில் கடை. சுவரெல்லாம் திறந்த ரீவிகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி நாங்கள் ரேடியோவில் செய்தி கேட்ட நாட்களில் தொழில் பழகியவர். உதிரிப்பாகம் என்று ஒன்றும் வராத ஊரில், செத்த ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றை உயிர்ப்பித்தவர்கள் அந்தத் தலைமுறை. என் கேள்வியை முழுக்கக் கேட்காமலே சொன்னார்: "நீங்கள் ரீவியைப் பாக்கிறியள். அது பழுதானால் சாமான் கிடைக்குமோ எண்டு பாருங்கோ."

அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். இன்றைய எல்இடி ரீவியில் விலையின் பெரும்பகுதி முன்பக்கத் திரையில் இருக்கிறது. திரையில் கோடு விழுந்தால், கீறினால், உள்ளே ஈரம் போனால், மாற்றும் செலவு புது ரீவிக்குக் கிட்ட வரும், யாரும் மாற்றுவதில்லை. இரண்டாவது, திரைக்குப் பின்னால் ஒளி தரும் சின்னச் சின்ன விளக்குப் பட்டிகள். மலிவுப் பெட்டிகளில் முதலில் சாவது இவைதான். கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக இவற்றை எல்லை மட்டத்துக்கு எரிய விடுகிறார்கள். சூடு தாங்காமல் இரண்டு மூன்று வருடத்தில் ஒன்று அணைய, வரிசையே போய்விடுகிறது. அப்போது சத்தம் கேட்கும், படம் தெரியாது. அறையை இருட்டாக்கி ரோச் வெளிச்சத்தைத் திரையில் சரித்து அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். தெரிந்தால் பயப்பட வேண்டாம், பட்டி மாற்றலாம், செலவு அதிகமில்லை. ஆனால் அந்த மொடலின் பட்டி சந்தையில் இருக்கவேண்டும். ஊரில் பலரிடம் இருக்கும் கம்பனி என்றால் இருக்கும். ஒரு கொள்கலன் வந்து விற்று முடிந்த பெயர் என்றால் இருக்காது. "வாங்கின உடன வெளிச்சத்தை அரைவாசிக்குக் குறையுங்கோ, ஆயுள் கூடும்" என்பது அவர் தந்த இலவச ஆலோசனை. மூன்றாவது, மின் வழங்கும் அட்டையும் தாய்ப் பலகையும். மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் இடியும் தாக்குவது அங்கேதான். மயிலிட்டி என்றதும் தலையாட்டினார். கடற்கரை வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் அட்டையில் பச்சை பூத்திருக்கும் என்றார். உப்புக் காற்று. கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே ரீவியை வைக்கக்கூடாதாம்.

உத்தரவாதம் பற்றி அவரிடம் கேட்டேன். ஒரு சிரிப்புத்தான் பதில். ஆகவே அட்டையை நானே வாங்கி வாசித்தேன்.

கடைப் பலகையில் "3 வருட உத்தரவாதம்" என்று தமிழில் பெரிதாக இருந்தது. அட்டை ஆங்கிலத்தில், ஓரத்தில் கொஞ்சம் சிங்களம். தமிழ் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது, அட்டையில் இல்லை. திரைக்கு ஒரு வருடம் மட்டும்; மூன்று வருடம் என்பது வேலைக்கூலிக்கு. இடி, மின்னல், மின்னழுத்த மாறுபாடு, பூச்சி, ஈரம், துரு என்பவற்றால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வானம் எப்படி முழங்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரி புரியும். இங்கே ரீவிகள் சாகிற காரணங்களையெல்லாம் ஒரே வரியில் விலக்கிவைத்திருக்கிறார்கள். பழுதான பெட்டி கொழும்புக்குப் போகும். கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு வாங்கியவருடையது. அட்டையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்துப் பார்த்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பாட்டு ஓடியது, பிறகு சிங்களத்தில் ஒரு பிள்ளை கதைத்தது. பிழை அந்தப் பிள்ளையில் இல்லை.

பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால், "கொண்டுபோய்க் குடுங்கோ, மாத்தித் தரத்தானே வேணும்" என்பார்கள். அங்கே சட்டம் அப்படி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்ற பொருளுக்கு இரண்டு வருடம் விற்றவரே பொறுப்பு. கம்பனி அட்டையில் என்ன எழுதினாலும் அந்தப் பொறுப்புக் கழராது. இங்கே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அது ஒன்றுமில்லாத சட்டம் அல்ல. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. பொய் சொல்லி விற்றால், சொன்ன தரம் இல்லாவிட்டால் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும். விளக்குப் பட்டி மூன்றாம் மாதத்தில் சாவதில்லை, மூன்றாம் வருடத்தில் சாகிறது. சட்டம் கைகொடுப்பது வாங்கும் நேரத்து ஏமாற்றுக்கு. அதன் பிறகு மிஞ்சுவது கம்பனியின் வாக்கு. அந்த வாக்கு எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்பதே யாழ்ப்பாணத்தில் ஒரு ரீவியின் நம்பகத்தன்மை. 400 கிலோமீற்றர் என்றால் அந்தத் தூரத்தையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பற்றுச்சீட்டில் மொடல் இலக்கமும் தொடர் இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் வெளியில் உள்ள தொடர் இலக்கம், ரீவியின் முதுகில் உள்ளது, அட்டையில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். கிளிகளையும் அருவிகளையும் நிறுத்திவிட்டு, உங்கள் கைபேசியின் இணையத்தோடு இணைத்து யூரியூப்பைப் போடச் சொல்லுங்கள். முழு வெள்ளையான ஒரு படம் போட்டால் கறுப்புப் புள்ளிகளும் மூலையில் இருட்டும் தெரிந்துவிடும். அளவுநாடா கொண்டு போனால் இன்னும் நல்லது. 43 அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 109 சென்ரிமீற்றர். சட்டத்தையும் சேர்த்து அளந்து காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஸ்மார்ட் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். அந்தப் பெட்டி உண்மையில் ஒரு மலிவுக் கைபேசியைப் பெரிய திரைக்குப் பின்னால் ஒட்டியது போல. திரை பத்து வருடம் இருந்தாலும் மென்பொருள் இருக்காது. பெரிய கம்பனிப் பெட்டிகளுக்கே இது நடந்திருக்கிறது: 2019 மார்கழியில் சாம்சங்கின் சில பழைய ரீவிகளில் நெற்ஃபிளிக்ஸ் வேலை செய்யாமல் நின்றது. பெயரில்லாத பெட்டியில் அது இரண்டு வருடத்தில் நடக்கும். ஆனால் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் பழைய ரீவியும் ஸ்மார்ட் ஆகிவிடும். ஆகவே ஸ்மார்ட் என்பதற்காக மேலதிகமாகக் காசு கொடுக்க வேண்டாம். எதற்காக இவ்வளவு மலிவாகத் தருகிறார்கள் என்பதற்கு இன்னொரு பதிலும் இதற்குள் இருக்கிறது. 2017 இல் அமெரிக்காவில் விசியோ என்ற ரீவிக் கம்பனி 2.2 மில்லியன் டொலர் கட்டி ஒரு வழக்கை முடித்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட ரீவிகளில் வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் சேகரித்து விற்றது என்பது குற்றச்சாட்டு. வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்ப்பது எங்களுக்குப் புதிது அல்ல என்று ஒரு நண்பர் பகிடி விட்டார். அமைப்புப் பக்கத்தில் போய் அந்தத் தெரிவை நிறுத்தலாம்.

இனி, எனக்கு உண்மையில் பயம் தந்த விடயம். விற்பனைப் பொடியனுக்கு மச்சாளிடம் 75,000 தான் இருக்கிறது என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "காசை முழுக்கக் கொட்ட வேண்டாம் அக்கா. முற்பணம் 20,000. மாதம் 5,450 படி 24 மாதம். பிறகு ரீவி உங்கட." மச்சாள் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் 5,450 தான் இருந்தது. மகன் அனுப்புகிற காசில் சமாளிக்கலாம். நான் விலைத்தாளின் பின்பக்கத்தில் கூட்டினேன். 24 தரம் 5,450 என்றால் 130,800. முற்பணத்தோடு 150,800. வெட்டப்பட்ட விலை 149,900. முப்பது வீதக் கழிவையும் திருப்பி எடுத்து, மேலே 900 ரூபாவும் வாங்குகிறார்கள். ஒரு மின்னலில் பெட்டி போனாலும், உத்தரவாதம் அதற்குப் பொறுப்பில்லை என்றாலும், தவணை நிற்காது.

2009 க்குப் பிறகு ஏ9 வழியாக வடக்குக்கு வந்தவற்றில் வேகமாக வந்தது கடன். லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் எங்கள் சந்திகளில் பலகை போட்டபோது, வேலை தரும் தொழிற்சாலை ஒன்றும் அந்த வேகத்தில் வரவில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு நிலைமை போனது. அந்தக் கடன்களின் தொடக்கம் எல்லாம் பெரிய தேவைகள் அல்ல. குளிரூட்டி, மோட்டார் சைக்கிள், ரீவி. இருபது வருடம் ஒன்றும் வைத்திருக்க முடியாமல் இருந்த சனத்துக்கு, மற்ற வீடுகளில் இருப்பது தங்கள் வீட்டிலும் இருக்கவேண்டும் என்று ஆசை வருவதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. "தேவையில்லாத செலவு" என்று புத்தி சொல்பவர்கள் அநேகமாகத் தங்கள் வீட்டில் 55 அங்குலம் வைத்திருப்பவர்கள். மாமிக்கு அந்த ரீவிதான் வெளியுலகம். கட்டிலில் படுத்தபடி நல்லூர்த் தேரை நேரடி ஒளிபரப்பில் பார்க்கவேண்டும் என்பது மூன்று மாதமாக அவர் கேட்பது. கேள்வி எந்த ரீவி, எப்படிக் காசு கட்டுவது என்பதுதான்.

மின்சாரக் கட்டணமும் ஒரு கணக்கு. 43 அங்குலப் பெட்டி அண்ணளவாக 80 வாற்று. ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் என்றால் மாதம் 12 அலகு. மச்சாளின் மாதப் பாவனை 52 அலகு. 60 ஐத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். நிலையான கட்டணமும் மாறும். 32 அங்குலம் என்றால் 40 வாற்று, மாதம் 6 அலகு; 58 இல் நிற்கும். விலைத்தாளில் இந்த இரண்டு எண்ணும் இருக்காது.

வெள்ளிக்கிழமை மலிவு முடிந்தது. திங்கட்கிழமை அதே கடையில் அதே ரீவி, அதே 104,900. பலகையில் மட்டும் "திருவிழாச் சிறப்பு" என்பது "மாதாந்தச் சிறப்பு" ஆகியிருந்தது. படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அவரும் நானும் ஸ்ரான்லி வீதிக் கடைக்குப் போனோம். 32 அங்குலம், 58,500 ரூபா, காசு. கழிவு கேட்டதற்கு முதலாளி ஒரு சுவர்ப் பிடியும், மின்னழுத்தக் காப்புச் செருகியும் தந்தார். அவருடைய கடைக்குப் பின்னால் ஒரு மேசையில் இரண்டு ரீவி திறந்து கிடந்தன. ஒரு பொடியன் ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். என் திருத்துநரிடம் மொடல் இலக்கத்தை ஏற்கனவே காட்டியிருந்தேன். "பட்டி கிடைக்கும்" என்று இரண்டு சொல்லில் சான்றிதழ் தந்திருந்தார். இந்த ரீவி மூன்று வருடத்தில் பழுதாகாது என்று என்னால் சொல்ல முடியாது. பழுதானால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று மச்சாளுக்குத் தெரியும். அந்தக் கதவு மயிலிட்டியிலிருந்து ஒரு பேருந்து தூரம். மிச்சம் 16,500 ரூபா சீட்டுக் காசு அவரிடம் இருக்கிறது. கடன் இல்லை.

கடலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் பூட்டினோம். வெளிச்சத்தை அரைவாசிக்குக் குறைத்தேன். முழங்கினால் செருகியை மட்டுமல்ல, டிஷ் வயரையும் கழற்றவேண்டும் என்று மருமகளுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

மகள் அட்டைப்பெட்டியை மடிக்கப் போனாள். திருத்த அனுப்பவேண்டி வந்தால் பெட்டி தேவைப்படும், எறியவேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுக்க முதல், கட்டிலிலிருந்து மாமி சொன்னார்: "பெட்டியை எறியாதேங்கோ பிள்ளை. அலுமாரிக்கு மேல வையுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இது என்ன பாரம்? ஒரு ஆள் தூக்கலாமோ?"

"ஓம் மாமி, தூக்கலாம்" என்றேன். ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.